நீராவி இன்ஜினின் உராய்வை வென்ற பொறியாளர் எலைஜா மெக்காய்

19-ஆம் நூற்றாண்டின் ரயில்கள் ஓடியதற்கு நிலக்கரியும் தண்ணீரும் காரணம் என்பதை அனைவரும் அறிவர். அவற்றுக்கு இணையாகத் தேவைப்பட்ட மற்றொரு பொருள் எண்ணெய். இரும்பின் மேல் இரும்பு சறுக்கும் இடங்களில் அது சில நிமிடங்கள் இல்லாமல் போனாலும் இன்ஜின் தேயத் தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்குள் மனிதக் கையின் உதவியின்றி எண்ணெயைச் செலுத்தும் கருவிகளை வடிவமைப்பதற்காகத் தமது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் எலைஜா மெக்காய்.

அடிமைத்தளையிலிருந்து தப்பிய பெற்றோருக்குப் பிறந்த இந்தக் கறுப்பினப் பொறியாளர், தம் பெயரில் சுமார் 57 காப்புரிமைகளைப் பெற்றார். அவற்றில் பெரும்பாலானவை மசகுக் கருவிகள் தொடர்பானவை. ஆனால் அந்தக் கருவிகள் ஈட்டிய செல்வத்தில் பெரும்பங்கு அவரை வந்தடையவில்லை.

தப்பி வந்த குடும்பம்

மெக்காயின் தந்தை ஜார்ஜ், தாய் மில்ட்ரெட் ஆகிய இருவரும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைகள் வடக்கே தப்பிச் செல்வதற்கு உதவிய ரகசிய வலைப்பின்னல் ஒன்று அக்காலத்தில் இயங்கியது. வழிகாட்டிகள், மறைவிடங்கள், உதவும் குடும்பங்கள் எனப் பலரையும் இணைத்த அந்த ஏற்பாட்டுக்கு நிலத்தடி ரயில்பாதை என்பது பெயர். பெயரில் ரயில் இருந்ததே தவிர, அதில் தண்டவாளமோ வண்டியோ இல்லை. அந்த வழியாகவே ஜார்ஜும் மில்ட்ரெட்டும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த கனடாவை அடைந்தனர். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்திருந்தது.

இன்றைய ஒண்டாரியோ மாகாணத்தின் கோல்செஸ்டர் என்ற ஊரில் 1844-ஆம் ஆண்டு மே 2 அன்று எலைஜா பிறந்தார். வீட்டில் மொத்தம் 12 குழந்தைகள். பிரிட்டிஷ் படையில் ஆற்றிய பணிக்காக ஜார்ஜுக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்ததாகக் குடும்ப வரலாறு கூறுகிறது. பின்னர் அக்குடும்பம் எல்லையைக் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு அருகேயுள்ள இப்சிலான்டி என்ற ஊரில் குடியேறியது.

சிறு வயதிலேயே இயந்திரங்களைப் பிரித்து மாட்டுவதில் எலைஜா ஆர்வம் காட்டினார். ஆனால் கறுப்பின இளைஞர் ஒருவர் பொறியியல் பயிற்சி பெறுவதற்கு அன்றைய அமெரிக்காவில் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே 1859-ஆம் ஆண்டு, தம் 15-ஆவது வயதில், அவர் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பப்பட்டார். நீராவி இயந்திரத் தொழில் செழித்திருந்த அந்நாட்டில் பயின்று, இயந்திரப் பொறியாளர் என்ற தகுதியுடன் அவர் மிச்சிகனுக்குத் திரும்பினார். அதற்குள் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறையும் சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது.

பொறியாளரின் கையில் கரி மண்வெட்டி

சட்டம் மாறியபோதிலும் வேலை கொடுப்போரின் மனம் மாறவில்லை. கறுப்பினத்தவர் ஒருவரைப் பொறியாளராக அமர்த்த எந்த நிறுவனமும் முன்வரவில்லை. இறுதியில் மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிறுவனத்தில் மெக்காய்க்கு ஒரு வேலை கிடைத்தது. இன்ஜினின் தீப்பெட்டிக்குள் கரியை அள்ளிப் போடுவதும், பாகங்களுக்கு எண்ணெய் இடுவதும் அவருடைய பணிகள். இன்ஜினை வடிவமைக்கக் கற்றவர், அதற்குக் கரி போடும் ஃபயர்மேனாக நின்றார்.

எனினும் அந்த இடம் அவருக்கு வேறொன்றைக் காட்டியது. வரைபடத்தில் தெரியாத ஒரு குறையை, எண்ணெய்க் குவளையைக் கையில் ஏந்தி நிற்பவரே நாள்தோறும் காண முடிந்தது.

சறுக்கும் பாகங்களின் சிக்கல்

நீராவி இன்ஜினில் இரு வகை இயக்கங்கள் உண்டு. சக்கரத்தின் அச்சு ஒரே திசையில் சுழல்கிறது. சுழலும் அச்சு, தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயைத் தானே இழுத்து, தனக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு மெல்லிய படலமாகப் பரப்பிக்கொள்ளும். சறுக்கும் பாகங்களுக்கு இந்த வசதி இல்லை. சிலிண்டருக்குள் பிஸ்டன் முன்னும் பின்னுமாகச் சென்று வருகிறது. ஒவ்வொரு முனையிலும் அது ஒரு கணம் நின்று, பிறகு திசை மாறுகிறது. அந்தக் கணத்தில் எண்ணெய்ப் படலம் மெலிந்து, உலோகத்தின் மேல் உலோகம் உரசுகிறது.

நீராவியை சிலிண்டருக்குள் மாறி மாறி அனுப்பும் சறுக்கு வால்வின் நிலை இன்னும் கடினமானது. தட்டையான இந்த வால்வின் முதுகில் கொதிகலனிலிருந்து வரும் நீராவி முழு அழுத்தத்துடன் அழுத்துகிறது. ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு எனவும், வால்வின் பரப்பு 100 சதுர அங்குலம் எனவும் கொண்டால், அதன் முதுகில் விழும் விசை 12,000 பவுண்டு, அதாவது 5 டன்னுக்கும் அதிகம். கீழிருந்து எதிர்க்கும் அழுத்தத்தைக் கழித்த பிறகும் எஞ்சும் சுமை பெரிது. அந்தச் சுமையோடுதான் வால்வு ஓயாமல் சறுக்க வேண்டும்.

வெளியே தெரியும் தண்டுகளுக்கும் வழிகாட்டிச் சட்டங்களுக்கும் எண்ணெய் இடுவது எளிது. வால்வும் பிஸ்டனுமோ மூடிய அறைக்குள், நீராவியின் நடுவே இயங்குகின்றன. அங்கே இடப்படும் எண்ணெயை நீராவி கழுவிக்கொண்டு போகும். வெப்பம் அதன் தன்மையைக் கெடுக்கும். அக்காலத்தில் பெரிதும் பயன்பட்ட உருக்கிய விலங்குக் கொழுப்பு, சூடான நீராவியில் சிதைந்து அமிலங்களை வெளியிட்டது. உராய்வைக் குறைக்க ஊற்றிய பொருளே இரும்பை அரித்தது.

அதை உள்ளே ஊற்றுவதும் எளிதன்று. நீராவி பாய்ந்துகொண்டிருக்கும்போது எண்ணெய்க் குவளையைத் திறந்தால், உள்ளிருக்கும் அழுத்தம் எண்ணெயை வெளியே வீசியடிக்கும். ஆகவே ரயிலை நிறுத்த வேண்டும். அல்லது இறக்கத்தில் நீராவியை அடைத்துவிட்டு வண்டி தானாக உருளும் வேளையில், ஃபயர்மேன் இன்ஜினின் பக்கவாட்டு நடைபலகை வழியே முன்னே சென்று கொழுப்பை ஊற்ற வேண்டும். மழையிலும் பனியிலும் அது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. இன்ஜின் கடுமையாக உழைக்கும் ஏற்றத்தில்தான் எண்ணெய் மிகுதியாகத் தேவைப்படும். அப்போது அதை ஊற்றவே முடியாது.

நீராவியையே வேலை வாங்கிய கருவி

இப்சிலான்டியில் இருந்த தம் சிறிய பட்டறையில் மெக்காய் இந்தச் சிக்கலை ஆராய்ந்தார். நீராவி பாயும்போதெல்லாம் எண்ணெய் வேண்டும் எனில், எண்ணெயைத் திறந்துவிடும் பணியை நீராவியிடமே ஒப்படைக்கலாம் என்பது அவருடைய தீர்வு. எண்ணெய்க் குவளையை நீராவி அறையுடன் இணைத்து, உள்ளே எழும் அழுத்தமே ஒரு தண்டை நகர்த்தி வால்வைத் திறக்குமாறு அவர் அமைத்தார். இன்ஜின் உழைக்கும்போது எண்ணெய் இறங்கும். எண்ணெய் இடுவதற்காக வண்டியை நிறுத்தவோ, நடைபலகையில் ஆள் ஏறவோ தேவையில்லை.

இந்தக் கருவிக்கு 1872-ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் எண் 129,843. அப்போது அவருக்கு வயது 28.

தானியங்கி மசகுக் கருவியை உலகில் முதன்முதலில் கண்டவர் மெக்காய் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. அது சரியன்று. இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் 1860-ஆம் ஆண்டிலும், ஜேம்ஸ் ராஸ்கோ 1862-ஆம் ஆண்டிலும் இத்தகைய கருவிகளை உருவாக்கியிருந்தனர். நீராவி குளிர்ந்து நீராகும். நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் கலத்தின் அடியில் தங்கும். மிதக்கும் எண்ணெய் மேலெழுந்து குழாய் வழியே சிலிண்டரை அடையும். இதுவே அவற்றின் அடிப்படை.

மெக்காயின் பெருமை முதலில் வந்ததில் இல்லை. விட்டுவிடாமல் தொடர்ந்ததில் இருக்கிறது. நீராவியின் அழுத்தம் உயர்ந்தபோதும், கொழுப்பின் இடத்தைக் கனிம எண்ணெய் பிடித்தபோதும், இன்ஜின்கள் பெரிதானபோதும் அவர் தம் கருவிகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். ரயில் இன்ஜின்களில் மட்டுமின்றிக் கப்பல்களிலும் ஆலைகளிலும் இருந்த நீராவி இயந்திரங்களுக்கும் இத்தகைய கருவிகள் தேவைப்பட்டன. இடையே, 1874-இல் துணி தேய்க்கும் மேசைக்கும், 1899-இல் புல்வெளிக்கு நீர் தெளிக்கும் கருவிக்கும் காப்புரிமை பெற்றார்.

உரிமை யாருக்கு?

காப்புரிமை என்பது ஒரு காகிதம். அதைப் பொருளாக்க ஆலை வேண்டும், முதலீடு வேண்டும். மெக்காயிடம் இரண்டும் இல்லை. அடுத்த ஆய்வுக்குப் பணம் திரட்டுவதற்காக முந்தைய காப்புரிமைகளின் உரிமையை முழுமையாகவோ பகுதியாகவோ முதலீட்டாளர்களுக்கு அவர் விற்க நேர்ந்தது. அவர் வடிவமைத்த கருவிகள் பலவும் பிற நிறுவனங்களின் பெயரிலேயே விற்பனையாயின. 1882-ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் குடியேறிய அவர், மசகுக் கருவி தயாரிப்பாளர்களுக்கு ஆலோசகராகவும் பணியாற்றினார்.

முதல் மனைவி ஆன் எலிசபெத் 1872-ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டு மேரி எலியனோரா டெலனியை மெக்காய் மணந்தார். மேரியும் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களின் மகளே. ஆதரவற்ற முதிய கறுப்பினப் பெண்களுக்காக டெட்ராய்டில் தொடங்கப்பட்ட பில்லிஸ் வீட்லி இல்லத்தை உருவாக்கியவர்களில் ஒருவராகவும், மிச்சிகனில் பெண்கள் சங்கங்களைக் கட்டியெழுப்பியவராகவும் அவர் அறியப்படுகிறார்.

எழுபதைக் கடந்த பின்னும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் இன்ஜின்களில் மீவெப்ப நீராவி பரவலானது. கொதிகலனை விட்டு வெளியேறிய நீராவியை மீண்டும் சூடேற்றுவதால் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் அந்த வெப்பத்தில் வழக்கமான எண்ணெய் கருகிப் படிந்தது. சாதாரண நீராவியில் இருக்கும் ஈரம் சறுக்கும் பரப்புகளுக்கு ஓரளவு உதவி வந்தது. உலர்ந்த மீவெப்ப நீராவியில் அந்த உதவியும் இல்லை.

இதற்கு மெக்காய் கண்ட வழி கிராஃபைட். பென்சில் முனையில் இருக்கும் இப்பொருள், வெப்பத்தைத் தாங்கி, உலோகப் பரப்பில் வழுவழுப்பான படலமாகப் படியக்கூடியது. ஆனால் அதன் துகள்கள் குழாய்களை அடைத்துவிடும். அடைப்பின்றி எண்ணெயுடன் கிராஃபைட்டைக் கலந்து செலுத்தும் கருவிக்கு 1915-ஆம் ஆண்டு அவர் காப்புரிமை பெற்றார். அப்போது அவர் 70 வயதைக் கடந்திருந்தார்.

1920-ஆம் ஆண்டு, தம் பெயரிலேயே எலைஜா மெக்காய் உற்பத்தி நிறுவனத்தை டெட்ராய்டில் தொடங்கினார். முதல் காப்புரிமைக்கும் தம் பெயர் தாங்கிய நிறுவனத்துக்கும் இடையே 48 ஆண்டுகள் கடந்திருந்தன.

பெயரைச் சுற்றிய கதை

அசல் பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் தி ரியல் மெக்காய் என்றொரு வழக்கு உண்டு. போலிக் கருவிகளை ஏற்காத ரயில் பொறியாளர்கள் மெக்காயின் கருவியையே கேட்டு வாங்கியதால் அந்தத் தொடர் பிறந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இதனையொத்த ரியல் மக்கே என்ற தொடர் 1856-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் அச்சில் வந்துள்ளது. அப்போது எலைஜா 12 வயதுச் சிறுவன். ஆகவே தொடரின் பிறப்பை அவருடன் இணைப்பது கடினம். அவருடைய பணியின் மதிப்புக்கு இந்தக் கதையின் துணை தேவையும் இல்லை.

இறுதி ஆண்டுகள்

1922-ஆம் ஆண்டு நேர்ந்த கார் விபத்தில் மெக்காயும் மேரியும் படுகாயம் அடைந்தனர். மேரி அந்தக் காயங்களிலிருந்து மீளாமல் இறந்தார். அதன்பின் மெக்காயின் உடல்நலமும் பொருள்நிலையும் சரிந்தன. டெட்ராய்ட் அருகே எலோயிஸ் என்ற இடத்தில் இருந்த பொது மருத்துவமனையில் 1929-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று, தம் 85-ஆவது வயதில் அவர் காலமானார்.

அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் தன் முதல் வட்டார அலுவலகத்தை டெட்ராய்ட் நகரில் திறந்தது. பிழைப்புக்காகத் தம் காப்புரிமைகளை விற்க நேர்ந்தவர் வாழ்ந்த அந்த ஊரில், கண்டுபிடிப்பாளர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அலுவலகத்துக்கு எலைஜா மெக்காயின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.