பனிக்கடலும் ஒரு சிறு காமிராவும்
(ஃபிராங்க் ஹர்லியின் வாழ்க்கை)

நெடும்பயணம் மேற்கொள்வோருக்கு எதை எடுத்துச் செல்வது என்பதைக் காட்டிலும் எதை விட்டுச் செல்வது என்பதே கடினமான கேள்வி. மூட்டையின் கனம் வீட்டு வாசலில் தெரிவதில்லை. வழி நீள நீளத்தான் தெரியும். இக்கேள்விக்குத் தம் உயிரையே பணயமாக வைத்து விடை கண்டவர் ஆஸ்திரேலிய ஒளிப்படக் கலைஞர் ஃபிராங்க் ஹர்லி. தென்துருவப் பனியில் அவர் செய்த தேர்வே, இன்று உலகம் அறிந்த சில அரிய படங்களை நமக்குத் தந்தது.

ஹர்லி 1885 அக்டோபரில் சிட்னி நகரத்தின் கிளீப் பகுதியில் பிறந்தார். பள்ளிப்படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. பதின்மூன்றாம் வயதில் வீட்டைவிட்டு ஓடி, லித்கோ என்னும் ஊரில் இருந்த இரும்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். இரும்போடும் தகரத்தோடும் பழகிய அந்தக் கைப்பழக்கம் பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று. பதினேழாம் வயதில் பதினைந்து ஷில்லிங் விலையுள்ள ஒரு கோடக் பெட்டிக் காமிராவை வாரம் ஒரு ஷில்லிங் தவணையில் வாங்கினார். சில ஆண்டுகளில் படம் பொறித்த அஞ்சலட்டைத் தொழிலில் இறங்கினார். சீறி எழும் கடலலையைப் படம்பிடிக்கப் பாறை விளிம்பில் நிற்பவர் என்ற பெயரும் அவருக்கு வந்து சேர்ந்தது.

1911ஆம் ஆண்டில் டக்ளஸ் மாசன் தலைமையில் தென்துருவக் கண்டத்துக்குப் புறப்பட்ட குழுவில் ஹர்லி ஒளிப்படக் கலைஞராக இடம்பெற்றார். அக்குழு முகாமிட்ட டெனிசன் முனை, கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் உலகிலேயே காற்று மிகுந்ததெனக் கருதப்படுவது. அங்கே ஆண்டு முழுமைக்கும் காற்றின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அந்த ஊதற்காற்றில் முக்காலி நிற்காது. கடுங்குளிரில் கருவிக்கு இட்ட எண்ணெய் இறுகி மூடுதிரை இயங்க மறுக்கும். படச்சுருள் விறைத்து முறியும். வெறுங்கை பட்டால் தோல் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து குடிலுக்குள் கொண்டுவந்த உடனே லென்சின் மேல் ஈரம் படிந்து பார்வையை மறைக்கும். கடைக்காரரின் விலைப்பட்டியலில் இல்லாத இப்பாடங்களை ஹர்லி அங்கேதான் கற்றார். பாகங்கள் பெருகப் பெருகப் பழுதுகளும் பெருகும் என்பது அவற்றின் சாரம்.

1914இல் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தென்துருவக் கண்டத்தைக் குறுக்காகக் கடக்கத் திட்டமிட்டார். அப்பயணத்தின் செலவை ஈடுகட்ட வேண்டிய வழிகளுள் படங்களின் வருவாயும் ஒன்று. எனவே ஹர்லி நல்ல கருவிகளோடு சென்றார். கண்ணாடித் தகடுகளில் படம்பதிக்கும் பெரிய காமிராக்கள், திரைப்படக் காமிரா, வண்ணப்படத் தகடுகள், இவற்றோடு ஒரு சிறிய 'வெஸ்ட் பாக்கெட் கோடக்' காமிரா ஆகியன அவரிடம் இருந்தன. இச்சிறு கருவி 1912இல் விற்பனைக்கு வந்தது. உலோக உடல் கொண்டது. மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்குவது. திருகிச் சரிசெய்ய வேண்டிய பகுதிகள் மிகச் சில. கப்பலில் இருந்தவரை அது கடைசித் துணை. பெரிய கருவிகளே அரசாண்டன. 1915 ஆகஸ்டு மாதத்து நீளிரவில், பனிக்கட்டிகளிடையே இருபதுக்குக் குறையாத ஒளிவெடிப்புகளை வைத்து, 'எண்டியூரன்ஸ்' கப்பலை வெண்மையாக ஒளிரச் செய்து அவர் எடுத்த படம் அப்பெரிய கருவிகளின் சாதனை.

வெடெல் கடலில் 1915 ஜனவரியிலேயே பனியிடை சிக்கிய அக்கப்பல், அக்டோபர் இறுதியில் நொறுங்கியது. குழுவினர் மிதக்கும் பனித்தளத்தில் இறங்கினர். ஆளொருவருக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருள் மட்டுமே அனுமதி என்றார் ஷாக்கிள்டன். தம்மிடமிருந்த தங்கக் காசுகளையே பனியில் எறிந்து வழிகாட்டினார். ஹர்லியின் நெகடிவ்களோ உடைந்த கப்பலுக்குள் நீரில் மூழ்கிக் கிடந்தன. அவர் ஆடை களைந்து, பனிக்கூழ் மிதக்கும் அந்நீரில் இறங்கித் துழாவி, ஈயம் வைத்து மூடிய பெட்டிகளை வெளியே கொணர்ந்தார். உள்ளே இருந்தவை நனையாதிருந்தன. கருவியின் உறுதியைப் போலவே, எடுத்த படத்தைப் பொதிந்து வைக்கும் பெட்டியின் உறுதியும் முதன்மையானது என்பதை அந்நாள் மெய்ப்பித்தது.

அடுத்த சோதனை அதனினும் கொடியது. கண்ணாடித் தகடுகள் அனைத்தையும் படகில் ஏற்ற இயலாது. 1915 நவம்பர் 9ஆம் நாள் ஹர்லியும் ஷாக்கிள்டனும் பனியில் அமர்ந்து ஒவ்வொரு தகடாக ஆராய்ந்தனர். ஏறத்தாழ 120 தகடுகள் நின்றன. சுமார் 400 தகடுகள் அங்கேயே உடைக்கப்பட்டன. பின்னர் மனம் மாறித் திரும்பி எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு உடைத்தனர். பெரிய காமிராக்களும் கைவிடப்பட்டன. பதிவு செய்யப்பட்ட திரைப்படச் சுருள்கள், தேர்ந்த தகடுகள், ஒரு படத்தொகுப்பு ஆகியவை மீண்டும் தகரப் பெட்டிகளில் மூடப்பட்டன. எஞ்சிய பயணத்துக்கு ஹர்லி தம்மிடம் வைத்துக்கொண்டது அந்தச் சட்டைப்பைக் காமிராவும் மூன்று படச்சுருள்களுமே.

பின்வந்த மாதங்களில் பனித்தள வாழ்க்கை, மூன்று திறந்த படகுகளில் கடற்பயணம், யானைத்தீவில் கவிழ்த்த படகுகளின் கீழ் 22 பேர் ஒண்டிய குடியிருப்பு எனத் துன்பங்கள் தொடர்ந்தன. சீல் கொழுப்பில் எரியும் அடுப்பைச் செய்து தந்தவரும் ஹர்லியே. லித்கோ ஆலையின் கைத்திறன் அங்கே சோறு சமைத்தது. சுருள் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் அவர் விரலைத் தடுத்தது. அந்தச் சிக்கனத்தில் பிறந்தவையே யானைத்தீவின் படங்கள். 1916 ஆகஸ்டு 30ஆம் நாள் லூயிஸ் பார்தோ செலுத்திய சிலி நாட்டுக் கப்பல் 'யெல்ச்சோ' வந்து அவர்களை மீட்டது. எண்டியூரன்சில் சென்ற 28 பேரும் உயிர் பிழைத்தனர். தகரப் பெட்டிகளும் கரை சேர்ந்தன.

ஹர்லியின் வாழ்வில் ஒரு நிழலும் உண்டு. ஷாக்கிள்டன் உதவி தேடிப் படகில் புறப்பட்ட காட்சியை மாற்றியமைத்து, மீட்பு வந்த காட்சியாக அவர் உலகுக்குக் காட்டினார். 1917இல் ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வ ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றியபோதும், பல நெகடிவ்களை ஒட்டி ஒரே போர்க்காட்சியாக்கினார். வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் இதை வன்மையாக எதிர்த்தார். போரின் பரப்பு ஒரே தகட்டில் அடங்காது என்பது ஹர்லியின் வாதம். ஆயினும் பனிநீரில் குதித்துக் காத்த மெய்யை இருட்டறையில் தாமே நெகிழவிட்டார் என்ற குறை நிலைத்துவிட்டது. கருவி உறுதியாக இருந்தால் போதாது. அதைக் கையாள்பவரின் சொல்லும் உறுதியாக இருத்தல் வேண்டும்.

பாப்புவா காடுகளிலும், 1929 முதல் 1931 வரை மீண்டும் தென்துருவத்திலும், இரண்டாம் உலகப்போரின்போது மத்தியக் கிழக்கிலும் அவர் படமெடுத்தார். 1962 ஜனவரி 16ஆம் நாள் தம் 76ஆம் வயதில் மறைந்தார். 2022 மார்ச்சில் எண்டியூரன்ஸ் கப்பல் 3008 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டபோது, அது அவர் படத்தில் இருந்த அதே உருவோடு உலகின் முன் தோன்றியது. அன்று பனியில் உடைந்த நானூறு தகடுகள் என்ன காட்டின என்பதை இனி எவரும் காண முடியாது. காத்து நின்றவை மட்டுமே பேசுகின்றன. கடும்வழியில் செல்வோர்க்கு ஏற்ற கருவி எது என்பதற்கு அவையே விடை: உடலோடு ஒட்டிச் சுமக்கத்தக்கது, எளிதில் பழுதாகாதது, எடுத்ததை வீடு கொண்டுவந்து சேர்ப்பது.