ஐரீன் கியூரி அம்மையார்

ரேடியத்தைக் கண்டறிந்த பியரி கியூரி, மேரி கியூரி ஆகியோரின் மூத்த மகளாக ஐரீன், 1897-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் பிறந்தார். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. மேரி அம்மையார் எக்ஸ் கதிர்க் கருவிகளை வண்டிகளில் ஏற்றிப் போர்முனை மருத்துவமனைகளுக்குச் சென்றார். இளம்பெண்ணாகிய ஐரீனும் அப்பணியில் ஈடுபட்டு, வீரர்தம் உடலிற் புதைந்த குண்டுத் துண்டுகளை மருத்துவர்க்குக் காட்டி உதவினார்.

உடலினுள் காண எக்ஸ் கதிர் உதவியது போலவே, தடித்த எஃகினுள் காணக் காமாக் கதிர் உதவுகின்றது. கொதிகலனின் தகடுகள் பற்றவைத்து இணைக்கப்படுகின்றன. அவ்விணைப்பினுள் வெடிப்போ காற்றுக்குமிழோ இருப்பினும் வெளியே தெரியாது. ஆனால் அழுத்தம் மிகும்போது பெருங்கேடு விளையும். இணைப்பின் ஒருபுறம் கதிரியக்கப் பொருளையும், மறுபுறம் படச்சுருளையும் வைத்தால், குறையுள்ள இடம் படத்தில் கருமையாகத் தோன்றும்.

தொடக்கத்தில் இதற்குப் பயன்பட்டது ரேடியமே. அதன் விலையோ மிகுதி. கலம் பழுதுற்றால் ரேடான் என்னும் கதிரியக்க வளியும் கசியும். தகடு மெல்லியதாயினும் தடித்ததாயினும் அதனையே கொள்ள வேண்டியிருந்தது.

இந்நிலை மாறுதற்கு வித்திட்டவர் ஐரீன் அம்மையாரும் அவர்தம் கணவர் பிரடெரிக் ஜோலியோவும் ஆவர். 1934-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர்கள் அலுமினியத் தகட்டின்மீது பொலோனியத்தின் ஆல்பாக் கதிர்களைப் பாய்ச்சினர். பொலோனியத்தை அகற்றிய பின்னரும் தகட்டிலிருந்து கதிர்கள் வெளிப்பட்டன! அலுமினிய அணுக்களுட் சில, கதிரியக்கமுள்ள பாஸ்பரசாக மாறியிருந்தன. கதிரியக்கப் பொருளை மனிதனே ஆக்கலாம் என்பது தெளிவாயிற்று. 1935-இல் வேதியியலுக்குரிய நோபெல் பரிசு இருவர்க்கும் வழங்கப்பட்டது.

பின்னாளில் அணு உலைகளில் நியூட்ரான்களைப் பாய்ச்சி இரிடியம் 192, கோபால்ட் 60 ஆகியவற்றை ஆக்கினர். அதனால், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்புக் கிட்டியது. கோபால்ட்டின் கதிர்கள் மிகத் தடித்த எஃகையும் ஊடுருவும். மெல்லிய தகட்டிலோ அவை எங்கும் எளிதிற் புகுந்துவிடுவதால், குறை விளங்கித் தோன்றாது. அதற்கு ஆற்றல் குறைந்த இரிடியமே ஏற்றது. ஆயினும் இரிடியத்தின் கதிரியக்கம் 74 நாட்களிற் பாதியாகக் குறையும். கோபால்ட்டிற்கு 5 ஆண்டுகளுக்கு மேலாகும். கோபால்ட்டினைக் காப்பதற்குக் கனத்த கவசம் இன்றியமையாதது. எனவே தடிப்பு, காலம், காப்பு ஆகிய மூன்றையும் சீர்தூக்கியே பொருளைத் தேர்கின்றனர்.

கதிர்களிடையே பல்லாண்டுகள் உழைத்த ஐரீன் அம்மையார், 1956-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். கதிர்களின் தாக்குதலே அந்நோய்க்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. இன்று எஃகைச் சோதிக்கும் தொழிலாளர், கதிரியக்கப் பொருளைக் காப்புக் கலத்துள் அடைத்து, தொலைவில் நின்று இயக்குகின்றனர். ஆற்றல் மிக்க பொருளை ஆக்குதல் அறிவு. அதனை அளவறிந்து தேர்ந்து, உயிர்க்கு ஊறின்றி ஆளுதல் அதனினும் சிறந்த அறிவு. அம்மையாரின் வாழ்வு உணர்த்தும் உண்மை இதுவே.