நீரைத் திசைதிருப்பியவர்: ஜான் பென்னிகுவிக்

மேற்கு மலைத் தொடரின் கிழக்குச் சரிவில், வருசநாட்டு மலைகளுக்கும் குமுளி மலைக்கும் இடையே, கம்பம் பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பங்கு மலையின் மறுபுறத்திலேயே பொழிந்துவிடும். அம்மழை நீரைச் சுமந்த பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்தது. மலைக்கு இப்பால் வையையை நம்பிய நிலங்களோ, வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளில் வெடித்துக் கிடந்தன. ஒரே மலையின் ஒருபுறம் வெள்ளமும் மறுபுறம் வறட்சியுமாக இருந்த இந்த முரணைத் தீர்க்கும் பணியில் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டவர் ஜான் பென்னிகுவிக்.

அவர் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையும் ஜான் பென்னிகுவிக் என்ற பெயருடையவரே. ஆங்கிலப் படையில் உயர்பதவி வகித்தவர். 1849 ஜனவரி 13 அன்று, இரண்டாம் சீக்கியப் போரின் சிலியன்வாலாக் களத்தில் தந்தையும் மகன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் வீழ்ந்தனர். எட்டாம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள்களே இருந்த நிலையில் தந்தையையும் தமையனையும் இழந்த சிறுவன், பின்னாளில் தானும் படைச்சீருடையையே அணிந்தான். ஆனால் அவனுக்கு வாய்த்த களம் வேறு. அங்கே எதிர்நின்றவை ஆறும் காடும் காய்ச்சலும்.

இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் படைக்கல்லூரியிலும் பயின்று, 1858-இல் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்தார். 1860-இல் இந்தியாவுக்கு வந்தார். 1868-இல் அபிசீனியப் படையெடுப்பில் பங்கேற்றார். அதன்பின் அவருடைய உழைப்பு பெரும்பாலும் சென்னை மாகாணத்துப் பொதுப்பணித் துறையைச் சார்ந்ததாயிற்று. 1879-இல் கிரேஸ் ஜார்ஜினா ஷாமியரை மணந்தார்.

பெரியாற்றுத் திட்டம் பென்னிகுவிக்கின் தனிச் சிந்தையில் உதித்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பபிள்ளை, மேற்கே வீணாகும் நீரைக் கிழக்கே கொணர இயலுமா என்று ஆராய அறிவுடையோர் சிலரை மலைக்கு அனுப்பினார். எண்ணம் பழுதற்றதாயினும் பொருள்வலி போதவில்லை. 1808-இல் இதனை ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல், நிறைவேறாத கனவென்று ஒதுக்கினார். 1850-இல் சிற்றணை ஒன்று கட்டத் தொடங்கப்பெற்று, காய்ச்சலுக்கு அஞ்சித் தொழிலாளர் வெளியேறியதால் கைவிடப்பட்டது. 1860-களில் கேப்டன் ரைவ்ஸ் மண்ணணைத் திட்டம் ஒன்றை வகுத்தார். ஒவ்வொரு முயற்சியும் கோப்புகளில் அடங்கிற்று. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பெரும்பஞ்சமே அக்கோப்புகளை மீண்டும் திறக்கச் செய்தது. 1882-இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் வகுத்த திட்டத்தின் நுட்பம் எளிதில் விளங்கக்கூடியது. அணை கட்டிய இடத்திலிருந்தே நீரைக் கிழக்கே திருப்ப அவர் எண்ணவில்லை. ஆற்றை உயர்ந்த அணையால் தடுத்தால் நீர் பின்னேறிப் பள்ளங்களையெல்லாம் நிரப்பும். அவ்வாறு நிரம்பும் ஏரியின் வடக்குக் கிளை, தேக்கடிப் பக்கத்தில், மலைமுகட்டை நெருங்கி வரும். அங்கே வாய்க்கால் வெட்டி, அதன் முடிவில் மலையைக் குடைந்துவிட்டால் நீர் தானே கிழக்கே இறங்கும். ஏரிநீர் 104 அடி மட்டத்தைக் கடந்தால்தான் அவ்வழியே புறப்படும். அதற்குக் கீழுள்ள நீர் தேங்கியே நிற்கும். ஆகவே அணையின் உயரம் என்பது ஆற்றைத் தடுப்பதற்கு மட்டுமன்றி, நீரை மலையின் வாசல்வரை ஏற்றிவிடுவதற்கும் ஆன அளவாயிற்று.

நீரின் இருகரையும் திருவிதாங்கூர் மன்னருக்கு உரியவை. நெடும்பேச்சுக்குப்பின், 1886 அக்டோபர் 29 அன்று 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெறப்பட்டது. மறு ஆண்டில் பணி தொடங்கிற்று.

அணை எழவேண்டிய இடம் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், மனிதர் குடியில்லாத அடர்காட்டில் இருந்தது. புகைவண்டி நிலையம் எண்பது கல் தொலைவில், அம்மையநாயக்கனூரில். அங்கிருந்து மாட்டுவண்டிகள் கூடலூர்வரை வரலாம். அதற்குமேல் செங்குத்தான மலை. மழையும் காய்ச்சலும் ஆண்டின் பல மாதங்களைப் பறித்துக்கொண்டன. இவற்றையெல்லாம் கண்டு, ஒப்பந்தக்காரர் எவரும் முன்வரவில்லை. அரசே நேரடியாக வேலையை நடத்தவேண்டியதாயிற்று.

கருவிகளை இடத்திற்கேற்ப அமைப்பதில் பென்னிகுவிக் குழுவினர் காட்டிய மதிநுட்பம் இங்கே விரித்துரைக்கத் தக்கது. மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை கம்பிவடப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அதனை இயக்கியது நீர்விசையால் சுழலும் சக்கரம். நீரைக் கொணரவேண்டிய வேலைக்கு நீரே கூலியாளாய் அமைந்தது. உச்சியை அடைந்த சுமைகள் அணைத்தலத்தைச் சேர இன்னும் பல கல் தொலைவு இருந்தது. காட்டில் நெடும்பாதை வெட்டுவது அரிது. ஆனால் அங்கே பெரியாற்றை நோக்கி ஓடும் சிற்றோடை ஒன்றுண்டு. வற்றிய காலத்தில் படகைத் தாங்கும் ஆழம் அதற்கில்லை. ஆகவே அதன் குறுக்கே அடைப்புகள் எழுப்பி, படகு புகுந்து வெளியேறும் மதகுகள் வைத்து, ஓடையைப் படிப்படியான நீர்த்தட்டுகளாக்கினர். ஒரு தட்டில் வந்து நிற்கும் படகை மதகுக்குள் அடைத்து, நீர்மட்டத்தை இறக்கி, அடுத்த தட்டில் விடுவர். இவ்வாறு சுண்ணாம்பும் இரும்பும் உணவும் படகேறின. கடலையே காணாத மலைநாட்டில், காட்டோடை ஒன்று கப்பல்துறையாயிற்று. ஏரி பிறப்பதற்கு முன்பே அங்கே படகு பிறந்துவிட்டது.

ஆற்றை ஒதுக்கிவிட்டு அடித்தளம் இடுவதே யாவற்றினும் கடினமான வேலை. தற்காலிகக் கரைகளையும் அடைப்புகளையும் வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. ஒரு பருவத்தின் உழைப்பு ஓர் இரவில் அழியும். அடுத்த பருவத்தில் அதே இடத்தில் அதே கல்லை மீண்டும் அடுக்கவேண்டும். சென்னைப் பயனியர் படைவீரர்களும், கொச்சியிலிருந்து வந்த பறங்கித் தச்சர்களும், மதுரைச் சீமையின் கூலித் தொழிலாளரும் இந்தப் போரில் நின்றனர். மலைக்காய்ச்சலுக்கும் விபத்துக்கும் பலியானோர் நூற்றுக்கணக்கினர்.

மண்ணணை என்ற பழைய எண்ணத்தைக் கைவிட்டு, பென்னிகுவிக் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையால் அணையை எழுப்பினார். இருமுகப்பும் கருங்கல் கட்டு, நடுவுடல் காரைக்கலவை. தன் எடையாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது அது. நீளம் சுமார் 1,200 அடி. ஆற்றுப் படுகையின்மேல் உயரம் 155 அடி. மலையைக் குடைந்த சுரங்கம் சற்றேறக்குறைய 5,700 அடி. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்துவைத்தார். மேற்கே ஓடப் பிறந்த நீர் மலையின் வயிற்றினூடே புகுந்து, வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றோடு சேர்ந்து வையையை அடைந்தது.

அவ்வாண்டிலேயே பென்னிகுவிக்கிற்கு அரசின் சி.எஸ்.ஐ. விருது கிட்டியது. இப்பணியை விளக்கிய அவரது கட்டுரைக்கு இலண்டன் பொறியாளர் கழகம் டெல்ஃபோர்டு பதக்கம் அளித்தது. 1896 முதல் 1899 வரை கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரியின் தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் வழி குறித்து ஆலோசனை கூறவும் அழைக்கப்பட்டார். 1911 மார்ச் 9-ஆம் நாள் இங்கிலாந்தின் கேம்பர்லியில் மறைந்தார்.

பணம் தீர்ந்தபோது தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற கதை பள்ளத்தாக்கெங்கும் வழங்கி வருகிறது. இதற்கு உறுதியான ஆவணச் சான்று காட்டப்படவில்லை. பணி அரசுச் செலவில் நடந்தது என்பதே பதிவு. ஆயினும் அக்கதை பிறந்த மண்ணைப் பழித்தல் ஆகாது. பஞ்சத்தை அறிந்த மக்கள், நீர் தந்தவனுக்குத் தம் குலத்து வள்ளலின் இலக்கணத்தைச் சூட்டினர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் வரிசையில் வெள்ளைக்காரர் ஒருவரை அமர்த்தினர். அது கவிதையின் உண்மை. ஆனால் கவிதை தன் எல்லையை மறந்து வரலாற்றின் இருக்கையில் அமரும்போது ஓர் அநீதி நேர்கிறது. ஒருவரின் தியாகமே அணையாயிற்று என்று பாடுங்கால், அதே அணையில் உடலையே இட்டுச் சென்ற பெயரற்ற கூலியாள் பாட்டிலிருந்து நழுவிவிடுகிறான். முதற்கனவு கண்ட முத்திருளப்பபிள்ளையும் நழுவிவிடுகிறார். நகையை விற்கவில்லை என்பதால் பென்னிகுவிக் சிறுத்துவிடமாட்டார். அடித்துச் செல்லப்பட்ட கரையை மீண்டும் மீண்டும் எழுப்பிய அவரது உறுதி, புனைவின் துணையின்றியே பாடத்தக்கது.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்று பிள்ளைகளுக்கு அவர் பெயர் இடப்படுகிறது. அவர் பிறந்த நாள் தைப்பொங்கலை ஒட்டி வருவதால், உழவர்கள் அவருக்கும் பொங்கலிடுகின்றனர். லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பெற்றது. 2022-இல் கேம்பர்லியிலும் தமிழக அரசின் சார்பில் அவர் சிலை நிறுவப்பட்டது. அணையின் உறுதி பற்றியும் நீர்மட்டம் பற்றியும் இரு மாநிலங்களிடையே எழுந்த வழக்கில், 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குகளும் விழாக்களும் ஒருபுறமிருக்க, கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இருபோக நெல் வயலில் மடைதிறக்கும் உழவன், அந்நீர் வந்த வழியை அறிவான். மலையின் ஊடே வரும் அந்த நீர் ஒருவர் பெயரை மட்டும் சொல்லி ஓடவில்லை. கனவு கண்டவர், கணக்கிட்டவர், கல் சுமந்தவர், காட்டில் மடிந்தவர் அனைவரையும் அது சேர்த்தே சுமந்து வருகிறது.