ஜென்சன் என்ற பெயர்

மவுத் ஓர்கனுக்காகச் சின்ன வால்வு அம்ப்ளிஃபயரைத் திருத்துபவர்கள், அது கீச்சிடாமல் இருக்க 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றிவிட்டுப் பெருக்கம் குறைந்த 12ஏயூ7 போடுவார்கள். அடுத்தது ஸ்பீக்கர். பலர் தேடுவது பழைய ஜென்சன். அமெரிக்கச் சாமான்தான், பெயரோ ஒடென்சேயில் நாம் தபால் பெட்டிகளில் தினமும் காணும் பெயர்.

பீட்டர் ஜென்சன் 1886இல் ஃபால்ஸ்டர் தீவில் பிறந்தவர். வால்டெமார் பௌல்சனிடம் கம்பியில்லாத் தந்தி வேலை பழகினார். 1909இல் வேலைக்காக அமெரிக்கா போனவர், நம்மைப்போல அங்கேயே தங்கிவிட்டார். கலிபோர்னியாவின் நாப்பாவில் எட்வின் பிரிதமுடன் சேர்ந்து, காந்தத்துக்குள் கம்பிச்சுருள் அசையும் ஒலிபெருக்கியைச் செய்தார். 1915 நத்தாருக்கு முதல்நாள் சான் பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டம் அதைக் கேட்டது.

மக்னவொக்ஸை விட்டு விலகி, 1927இல் தன் பெயரில் கம்பனி தொடங்கினார். பிறகு அதையும் விட்டுப் போனார்; பெயர் ஸ்பீக்கரிலேயே தங்கிவிட்டது. 1950களில் பேஸ் கிட்டாருக்கென வந்த ஃபெண்டர் பாஸ்மேனில் நான்கு ஜென்சன்கள் இருந்தன. மவுத் ஓர்கன்காரர்கள் அதை விடவில்லை. ஜென்சன் 1961இல் அமெரிக்காவிலேயே காலமானார்.