பனிமலர் கண்ட பெண்ட்லி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கே வெர்மாண்ட் மாகாணத்தில் ஜெரிக்கோ என்னும் உழவரூர் உண்டு. திருமறையில் எரிகோ என நாம் பயிலும் பெயரே அது. அவ்வூரில் 1865-ஆம் ஆண்டு பெப்ருவரி 9-ஆம் நாள் வில்சன் பெண்ட்லி தோன்றினார். முன்னர் ஆசிரியையாயிருந்த அன்னையார் அவருக்கு வீட்டிலேயே கல்வி பயிற்றினார். பதினைந்தாம் அகவையில் பழைய உருப்பெருக்கி ஒன்றும் ஈந்தார். அதனடியிற் கண்ட பனித்துகளின் வனப்பு அவர் உள்ளத்தை முற்றும் கவர்ந்தது. வரைந்து முடிக்குமுன் அஃது உருகிவிடுமாதலின் நிழற்படக்கருவி வேண்டினார். விலையோ ஏறத்தாழ 100 டாலர்! உழவராகிய தந்தையார் இதனை வீண்வேலையென்றே எண்ணினாராயினும் வாங்கித் தந்தார். கணப்பில்லாக் கொட்டிலிற் பன்முறை தோற்று, 1885-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் முதற்படத்தைப் பெற்றபோது அவருக்கு அகவை பத்தொன்பது, நம்மனோர் பருவமே.

பனித்துகள் ஒரே வார்ப்பில் உருவாவதன்று. நீராவியின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாய் வந்து அதன் மேற்பரப்பிற் படிகின்றன. வழுவழுப்பான முகத்தில் அவற்றிற்குப் பற்றுக்கோடு அரிதாகலின், முதற்கண் சமனான முகங்களையுடைய அறுகோணத் தகடு தோன்றும். தகடு பெருகப் பெருக, புறத்தே நீண்ட மூலைகளுக்கு ஈரக்காற்று மிகுதியாய்க் கிட்டும். கிட்டவே அவை மேலும் நீளும். நீண்டவை பின்னும் மிகுதியாய்ப் பெறும். உள்ளவனுக்கே மேன்மேலுஞ் சேரும் உலகியலை ஈண்டும் காண்கின்றோம். இங்ஙனமே ஆறு மூலைகளும் ஆறு கிளைகளாகின்றன. இனி, உறைநிலைக்குக் கீழ்க் குளிர்ந்தும் உறையாத நுண்துளிகள் செறிந்த மேகத்தினூடே அத்துகள் வீழுமாயின், அவை மோதிய இடத்திலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். இடந்தேடி அமைய அவற்றிற்குப் பொழுதில்லை. பரப்புக் கரடுமுரடாகிக் கிளைகளும் மறைய, வெள்ளிய உருண்டையே எஞ்சும்.

பெண்ட்லி உழவுத்தொழிலை விடாதே 5,000-க்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். கரிய பின்னணி வேண்டி, படத்தகட்டில் துகளைச் சுற்றியுள்ள பகுதியைக் கத்தியாற் சுரண்டி நீக்குவார். செவ்விய வடிவங்களையே அவர் பெரிதும் நாடினமையால் கரடானவை அவர் தொகுதியிற் குறைவு. ஆராய்ச்சி நோக்கில் இஃதொரு குறையே என்பது நம் கருத்து. எனினும் அவ்வழகில் ஈடுபடாதிருந்தால் நாற்பத்தாறு ஆண்டு அக்குளிரிற் கழித்திருப்பாரோ?

2,400-க்கு மேற்பட்ட படங்களடங்கிய அவர் நூல் 1931-இல் வெளிவந்தது. அவ்வாண்டிறுதியிற் பனிப்புயலில் நடந்து இல்லம் திரும்பியவர் நுரையீரல் அழற்சியுற்று, டிசம்பர் 23-ஆம் நாள் உயிர் நீத்தார். 1936-இல் சப்பானியராகிய நகாயா உக்கிச்சிரோ, குளிரறையில் முயல்மயிரொன்றன்மேல் பனித்துகளைத் தாமே வளர்த்துக் காட்டினார். பெண்ட்லி பெரிதும் நாடாத கரடுகளையும் ஒதுக்காது வகைப்படுத்தினார்.