இரட்டைமலை சீனிவாசனின் கோட்டும் கிளப்புகளின் வாசலும்

2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாசலிலேயே தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே சட்டப்பேரவை ஒரு சட்டம் இயற்றியது. வேட்டியையோ பிற இந்திய மரபு உடையையோ காரணம் காட்டிப் பொது இடத்தில் ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கிளப்பின் உரிமமும் பறிபோகலாம். அச்சட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும் கிளப்புகளும் கோல்ஃப் திடல்களும் கேட்கும் கோட்டையும் காலர் சட்டையையும் வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற எச்சமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். கோட்டு அணியவே கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களின் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் கதை வேறாகத் தெரியும். அதற்கு இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கையே நமக்குச் சான்று.

தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை செங்கற்பட்டுச் சீமைக்குள் நுழைகிறது. அச்சீமையின் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1860ஐ ஒட்டிப் பிறந்தவர் சீனிவாசன். கோயம்புத்தூரில் அவர் பயின்ற கல்லூரியின் ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் போக மற்றவரெல்லாம் பிராமணர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தில், மணி அடிக்கும்வரை வெளியே நின்று படித்துவிட்டு வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் வீடு திரும்புவார். படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு உடல் முழுவதையும் மறைத்துக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது.

நீலகிரியில் ஆங்கிலேயர் நிறுவனங்களில் கணக்கராக இருந்துவிட்டு 1890இல் சென்னை வந்தவர், அதன்பின் எதையும் மறைக்கவில்லை. பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்றே பெயரிட்டு இதழ் தொடங்கினார். வசைச்சொல்லாக வீசப்பட்ட பெயரை இதழின் நெற்றியில் அச்சிட்ட துணிவை இன்றைய மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதனால் சாதி இந்துக்களின் கையே ஓங்கும் என்று கண்டு, 3,412 பேரின் கையொப்பத்தோடு எதிர்மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். 1900இல் கப்பலேறினார், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றினார்.

திரும்பி வந்து 1923இல் சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எந்த வகுப்பாரும் தடையின்றிப் புழங்கலாம் என்று 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறி அரசாணையாயிற்று. பொது இடம் எல்லோருக்குமானது என்னும் பேச்சு நம் மண்ணில் கிளப் வாசலில் தொடங்கவில்லை; ஊர்த்தெருவில் தொடங்கியது. ஒரு நீதிபதிக்காக ஒரே மாதத்தில் சட்டம் வந்தது. 1924 ஆணையைத் தெருவில் நடைமுறைப்படுத்த எத்தனை தலைமுறை போராடியது என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. ஒடுக்கப்பட்டோரின் பேராளர்களாகச் சென்றவர்கள் இருவர்: அம்பேத்கர், சீனிவாசன். நமக்குக் கிடைத்துள்ள படங்களில் சீனிவாசன் கோட்டும் தலைப்பாகையுமாக நிமிர்ந்திருக்கிறார். அந்த மாநாடு நடந்துகொண்டிருந்த அதே டிசம்பரில், இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்டோருக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 குடிக்கணக்கு அறிக்கையில் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அப்படியானால் லண்டனில் சீனிவாசனின் தோளில் இருந்த கோட்டை ஆங்கில மோகம் என்று எப்படி ஒதுக்க முடியும்?

மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தீண்டாமை என்றால் என்ன என்று கேட்டதையும், தீண்டப்படாதவன் தெருவில் விழுந்து கிடந்தாலும் மேல்சாதியான் தூக்கிவிடமாட்டான் என்று தாம் விளக்கியதையும் 1939இல் வெளியான தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் சீனிவாசன் எழுதியுள்ளார். தீண்டப்படாதவன் என்னும் அடையாளத்தைக் கோட்டின் மேல் குத்திக்கொண்டே மன்னர்முன் நின்றார் என்பது நம் மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் செய்தி.

மறு ஆண்டு காந்தியார் அரையாடையோடு அரண்மனைக்குச் சென்றதை உலகமே கொண்டாடியது. 1921இல் மதுரையில் மேலாடையை அவர் துறந்தது அவராக மேற்கொண்ட முடிவு. இராமநாதபுரத்து உழவனுக்கோ திறந்த மேனி பிறர் இட்ட கட்டளை. துறப்பதற்கும் முதலில் ஒரு சட்டை வேண்டும் அல்லவா! 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் சீனிவாசனும் ஒருவர். திவான் பகதூர் பட்டம் பெற்று, 1945 செப்டம்பரில் மறைந்தார்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருவோர் கிண்டியில் இறங்கினால், காந்தி மண்டப வளாகத்துக்குள்ளேயே அவருடைய நினைவு மண்டபத்தையும் காணலாம். அரையாடைக்காரரும் கோட்டு அணிந்தவரும் ஒரே மதிலுக்குள் இருக்கிறார்கள். அதே கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலின் நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் புல்வெளி நெடுங்காலம் இருந்தது. பந்தயத் திடலின் 160 ஏக்கர் குத்தகையை 2024இல் அரசு ரத்து செய்தபோதுதான் அது பொதுநிலம் என்பதே பலருக்கு உறைத்தது.

கோல்ஃப் திடல்கள் பலவற்றில் ஜீன்சுக்கு இடமில்லை. 2014 சட்டமும் ஜீன்சைக் காக்காது; அது மரபு உடை அன்று. ஆனால் அச்சட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2012இல், ஜீன்சும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாசும் அணிந்து பெண்களை மயக்குகிறார்கள் என்று தலித் இளைஞர்கள்மீது வட தமிழகத்தில் மேடைதோறும் பழி சுமத்தப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தருமபுரியின் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிந்தன.