நோட்டு எடுக்காமல் கேட்ட மாணவர்

நண்பா, நம்ம ஆத்தூர்ல கோயில் திருவிழா சொற்பொழிவு நடக்கும்போது கடைசி வரிசையைப் பார்த்திருக்கிறாயா? பாதிப் பேர் செல்போனில் மூழ்கியிருப்பார்கள். மீதிப் பேர் வீடியோ எடுப்பார்கள். வீட்டுக்குப் போனதும் என்னப்பா சொன்னாங்க என்று அம்மா கேட்டால், நமக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. வெறும் காதை நம்பிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

அவர் மகேந்திரநாத் குப்தா. 1854 இல் கல்கத்தாவில் பிறந்தவர். பிரசிடென்சி கல்லூரியில் படித்து, வித்யாசாகரின் பள்ளியில் தலைமை ஆசிரியர் ஆனார். படித்தவன் என்ற பெருமை கொஞ்சம் உண்டு. ஆனால் வீட்டில் ஓயாத பிரச்சினை. 1882 இல் இனி வாழவே வேண்டாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். அந்த நாட்களில்தான் தட்சிணேசுவரம் காளி கோயிலுக்குத் தற்செயலாகப் போனார். அங்கே ராமகிருஷ்ணர் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த சந்திப்பில் உருவ வழிபாடு பற்றி வாதம் செய்யப் போய், ராமகிருஷ்ணரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றோடு வாதத்தை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

விடுமுறை கிடைத்தால் போதும், தட்சிணேசுவரம்தான். அங்கே உட்கார்ந்து அவர் நோட்டு எடுக்கவில்லை. முழுக் கவனத்தோடு கேட்டார், பார்த்தார். வீடு திரும்பியபின் நினைவிலிருந்து டைரியில் குறித்தார். தேதி, திதி, இடம், யார் யார் இருந்தார்கள் என்பது வரை எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாள் கேட்டதை எழுதி முடிக்கச் சில சமயம் பல நாட்கள் ஆகும். சில வேளை, கேட்டதைத் திருப்பிச் சொல்லும்படி ராமகிருஷ்ணரே கேட்பார். தப்பு இருந்தால் திருத்துவார். நம்ம வைவா மாதிரிதான்!

1886 இல் ராமகிருஷ்ணர் மறைந்தார். மகேந்திரநாத் கேட்டது வெறும் நாலு வருஷம். அந்த டைரியிலிருந்து 'கதாம்ருதம்' என்ற வங்க நூல் 5 பாகங்களாகப் பிறந்தது. முதல் பாகம் 1902 இல் வந்தது. ஐந்தாவது, அவர் மறைந்த 1932 இல். அதில்கூடத் தன் பெயரைப் போடாமல் 'ம' என்ற ஒற்றை எழுத்துக்குள் ஒளிந்துகொண்டார்.

யோசித்துப் பார். சாகக் கிளம்பிய மனிதர் அதன்பின் 50 வருஷம் வாழ்ந்தார். ஒருவர் பேசியதை முழுசாகக் கேட்டது அவரைப் பிடித்து நிறுத்தியது.

அடுத்த தடவை சொற்பொழிவுக்குப் போனால், செல்போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கேட்டுப் பார். வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் எழுது. எவ்வளவு நினைவில் நின்றதோ, அவ்வளவுதான் நீ அங்கே இருந்தாய்.